வாசலுக்கு வெளியே நின்று எடுத்த அளவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எழுதுவதென்றால் வெற்றிக் கதைதான் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பரிசு வாங்கிய மாணவி, கைதட்டிய அரங்கம், அந்த மாதிரி. எழுத உட்கார்ந்தால் எனக்குக் கால் பரபரக்கிறது. எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுப் பால்கனியிலிருந்து தண்டவாளம் தெரியும். கிள்ளான் பக்கம் போகும் கொம்யூட்டர் புறநகர் ரயில் வளைந்து மறையும்போதெல்லாம் ஒரே ஓர் அளவுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு சாமி அறையின் ஆழம். தப்பாகிப்போன அளவு. அதைத்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. கதையே கூச்சத்தைப் பற்றியதுதான் என்பதால் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் இன்டீரியர் டிசைன் படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேட்டை மேற்பார்க்கப் போகிறீர்கள். டேப் பிடிப்பது, தரைப்படம் வரைவது, மேற்கோள் போடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் கை வைக்கவில்லை. ஒரு பிள்ளை மேசைக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு என்ன ஆகிறது, அதைப் பற்றி மட்டும்.

தர்ஷினி போர்ட் கிள்ளான் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். ரயிலிலும் பஸ்ஸிலும் ஷா ஆலம் வரை வந்து, ஒரு தனியார் கல்லூரியில் எங்கள் துறையில் கடைசி ஆண்டு படித்தாள். அதிகம் பேசமாட்டாள். பென்சிலை எடுத்தால் கோடு மட்டும் தைரியமாக வரும். அவள் எடுத்த தலைப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் வீடுகளில் சாமி அறை எங்கே, எப்படி வந்து உட்காருகிறது என்பதுதான் அது.

உங்களுக்கே தெரியும், வீடு கட்டி விற்கிறவர்களின் வரைபடத்தில் ஹால் இருக்கும், பார்வைக்கு உலர்ந்த சமையலறை ஒன்று, எண்ணெய்ச் சமையலுக்கு ஈரச் சமையலறை ஒன்று என்று இரண்டு இருக்கும், கார் இரண்டு நிற்க இடம் இருக்கும். சாமிக்கு இடம் இருக்காது. சாவி கைக்கு வந்த மறுவாரமே நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே வேண்டாம், தலைமேல் நடக்கக்கூடாது. ஸ்டோர் ரூம் சரி, ஆனால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் டாய்லெட், அதனால் மேடையைப் பக்கவாட்டில் திருப்பு. அடுக்குமாடியில் வழியே இல்லை, டிவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் சின்னதாய் விளக்கு. கூரையில் படிந்த சாம்பிராணிக் கறுப்பு, சுவரில் துளையிட்டுச் சொருகிய புகை விசிறி, செருப்பு நிற்கும் கோடு. இதையெல்லாம் தர்ஷினி வீடு வீடாகப் போய் அளந்தாள். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவாள். வெறுங்கையோடு போய் ஒரு வீட்டுச் சாமியை அளக்க அவளுக்கு மனசு வராது.

ஆய்வேடு முடிந்தது. வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திரு. லிம், வயதான கட்டடக் கலைஞர். இளமையில் இந்தப் பகுதியில் வரிசை வீடுகள் நிறைய வரைந்தவர். நல்ல மனிதர். பக்கம் பக்கமாகப் புரட்டி, பாராட்டிக்கொண்டே வந்தவர், கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கும் வரிசை வீட்டின் வரைபடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்த டாய்லெட்டில் என் வீட்டுப் பூனைகூடத் திரும்ப முடியாதே" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பார்த்தால் உண்மைதான். சாமி அறை இருக்க வேண்டியதைவிட ஆழமாக நீண்டு, பின்னால் இருக்கும் டாய்லெட்டைத் தின்றிருந்தது. டாய்லெட்டை அவள் தனியாக அளக்கவில்லை, மிச்சமிருந்த இடத்தில் போட்டுவிட்டாள். இந்த வகை வீட்டில் அந்தச் சுவர் எங்கே நிற்கும் என்று லிம்முக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒன்று சுவர் நகர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீ அளக்கவே இல்லை என்றார். மற்ற வீடுகளில் எல்லாம் சாமி அறைக்குள் டேப்பை விரித்து வைத்து எடுத்த படம் இருந்தது. இந்த வீட்டில் மட்டும் வாசலிலிருந்து எடுத்த ஒரே படம். அதையும் கவனித்துவிட்டார்.

"உள்ளே போய்தான் அளந்தாயா?"

"ஆமா சார்" என்றாள் தர்ஷினி.

அந்த 'ஆமா' வந்த விதம் எனக்கு உறுத்தியது. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, யாரோ முதுகில் தட்டியதும் தெறித்து விழுந்ததுபோல வந்தது.

அவ்வளவுதான். அளவை இட்டுக்கட்டினாள் என்ற சந்தேகம் எழுத்தில் வந்துவிட்டது. நம் துறையில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடு கோணலாக இருக்கலாம், கருத்து அரைகுறையாக இருக்கலாம், போகாத இடத்துக்குப் போனேன் என்று மட்டும் சொல்லக்கூடாது. ஒழுங்குக் குழு கூடும், குற்றம் உறுதியானால் ஆய்வேடு தள்ளுபடி, பட்டம் கையை விட்டுப் போகும், காரணமும் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அவள் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கே வந்து நின்றாள், நானே அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சுபாங், பத்து தீகா, ஷா ஆலம், வெயில் கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. அவள் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். நான் என்ன மேற்பார்வையாளர், ஒரு வார்த்தை வாங்கத் தெரியவில்லையே என்று எனக்குள் ஒரு குடைச்சல்.

வீட்டுக்காரி கல்யாணி ஆன்டி. என் வயதுதான் இருக்கும், வாய் நிறையப் பேச்சு. ஹாலில் அவர் மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாமி அறை ஹாலை ஒட்டியே இருந்தது. மாமனாரின் நாற்காலி அதன் வாசலைப் பார்த்தபடி. நான் அளவு பார்க்க வந்திருக்கிறேன், போன தடவை ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று சொன்னதும் ஆன்டி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் புகை விசிறியைப் போட்டார். அந்த இரைச்சலுக்குள் குரலைத் தணித்தார்.

"இந்தப் பிள்ளையவா பொய் சொல்லிட்டான்றாங்க? நான்தான் மேடம் உள்ளாற நின்னு டேப் முனையப் புடிச்சேன். அவ வெளிய நின்னா. உள்ள வாம்மான்னேன். இல்ல ஆன்டி, இங்கயே இருக்கேன்னா. எனக்குத் தெரியாதா, நானும் பொம்பளதான. மாமா வேற அங்கயே பேப்பரோட குந்தியிருக்காரு. அதுக்கு மேல அவகிட்ட என்னத்தக் கேக்குறது?"

டீ கொதித்துப் பொங்கியது. எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது.

அந்த அறையின் வாசலில் ஒரு மர நிலைப்படி இருந்தது. மஞ்சளும் குங்குமமும் வைத்த நிலைப்படி. தர்ஷினி அதற்கு வெளியே, ஹாலில், இன்னும் கொஞ்சம் தள்ளியே நின்றிருக்கிறாள். டேப்பின் முனை உள்ளே பின்சுவரில் ஆன்டியின் விரலில். டேப்பின் டப்பா வெளியே அவள் கையில். நிலைப்படியைக் கையால்கூடத் தொடவில்லை. டப்பாவின் வாயில் தெரிந்த எண்ணை எழுதிக்கொண்டாள், நிலைப்படியிலிருந்து தன் கை வரைக்கும் உள்ளதைப் பிறகு கழிக்கலாம் என்று. கழிக்கவில்லை. அந்த அறைக்கு அவள் கொடுத்த கூடுதல் ஆழம், அவள் விலகி நின்ற அளவு.

லேசர் அளவுகோல் இருந்ததே என்று திரும்பும்போது கேட்டேன். கல்லூரி கொடுத்தது அவள் பையில்தான் இருந்தது, வெளியில் நின்றே அளந்திருக்கலாம். "சாமி படத்து மேல செவப்பா புள்ளி விழும் மிஸ். அந்த நாளுல அதக்கூடச் செய்ய மனசு வரல" என்றாள். ரயில் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கட்டிப்போட்டது அவிழ்ந்தமாதிரி பேசினாள். வேறு நாள் கேட்கலாம் என்றால், என்ன காரணம் சொல்லிக் கேட்பது. வீட்டுக்குப் போய்க் கழிப்பதற்குள் மறந்துவிட்டாள். மறந்ததுகூட இல்லை, அந்த நாளைத் திரும்ப நினைக்கவே பிடிக்கவில்லை. தேர்வாளரிடம் உள்ளே போனேன் என்று ஏன் சொன்னாய் என்றேன்.

"இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு மிஸ்."

ஒரு சின்னப் பொய், ஒரு கேள்வியைத் தவிர்க்கச் சொன்னது. அது இப்போது அவள் படிப்பின் குறுக்கே கிடந்தது. குழுவில் நான் விளக்கிச் சொல்கிறேன் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. குழுத் தலைவர் டாக்டர் குணா, எங்கள் துறைத் தலைவர். அவரும் கிள்ளான்தான், தர்ஷினியின் அப்பாவும் அவரும் ஒரே கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள். "வெள்ளிக்கெழம அவருதான் அர்ச்சனைத் தட்ட வாங்கி என் கையில குடுப்பாரு. அவரு முன்னாடி மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். ஃபெயிலானாலும் பரவால்ல."

சரி என்றேன். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. நடுவில் ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நம்பினேன். அவளையும் காப்பாற்றும், என் நாக்கையும் காப்பாற்றும் ஏதோ ஒரு கண்ணியமான வார்த்தை. வகுப்பிலும் எழுத்திலும் வாழ்நாளெல்லாம் வார்த்தைகளைத் தடவிப் பார்த்துப் பொறுக்குகிறவள் நான். வேறு வேலையே தெரியாது. அந்த ஒன்றா கிடைக்காமல் போய்விடும்?

குழு கூடியது. டாக்டர் குணா, திரு. லிம், குழாய், மின்சாரம் என்று கட்டட சேவைகள் பாடம் எடுக்கும் ரோஸ்னா, இந்தப் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் தர்ஷினி. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, தமிழில் சொல்கிறேன். அந்த வீட்டில் மறுபடி அளந்ததைக் காட்டி, அவள் டேப்பை வாசலுக்கு வெளியே நின்று பிடித்ததால் வந்த பிழை என்றேன். ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று கேட்டார் லிம். தனிப்பட்ட காரணம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. சமயம் சார்ந்த ஒரு கட்டுப்பாடு என்றேன். அப்படியா, வெளியாட்கள் நுழையக்கூடாதா, மற்ற வீடுகளில் நுழைந்திருக்கிறாளே என்றார். கேள்வி நியாயமானது, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

வேர்த்தது. குளிர்சாதனம் நேரே முகத்தில் அடிக்கும் அறையில் எனக்கு வேர்த்தது.

"அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

டாக்டர் குணா ஃபைலைப் பார்த்தபடியே கேட்டார். "எம்சி இருக்கா?"

இந்த நாட்டில் வேலை பார்க்கிற, படிக்கிற யாரும் தப்பிக்க முடியாத கேள்வி. உடம்பு சரியில்லையா, கிளினிக் சீட்டு எங்கே. அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். மனைவி இருக்கிறார், அக்கா தங்கை இருக்கிறார்கள், கோயில் கமிட்டியில் வேறு இருக்கிறார். புரிந்ததைக் காட்டிக்கொள்ள அவருக்கும் வெட்கம். அதனால் சீட்டைக் கேட்டார். நான் என் வெட்கத்தை ஒரு வார்த்தையில் ஒளித்தேன், அவர் தன்னுடையதை ஒரு விதியில் ஒளித்தார். நடுவில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். எம்சி இல்லை. உடம்பு சரியில்லாத பெண் அன்று முழுக்க அந்த வீட்டின் மற்ற அறைகளை அளந்திருக்கிறாள், படம் எடுத்திருக்கிறாள். நான் சொன்ன ஒவ்வொன்றும் அவள் கணக்கில் புதுப்புதுப் பொய்யாக ஏறிக்கொண்டிருந்தது. லிம் பேனாவை மூடிவைத்துவிட்டு, வருத்தமாக, இதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. தர்ஷினி எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கு பீரியட்ஸ், சார்." டாக்டர் குணாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "அப்ப நான் சாமி ரூமுக்குள்ள போகமாட்டேன். அதனால வெளிய நின்னு அளந்தேன். உள்ள போனேன்னு சொன்னது பொய். அளந்தது பொய் இல்ல."

டாக்டர் குணா ஃபைலை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். லிம்மின் காது சிவந்துவிட்டது. மன்னித்துக்கொள், எனக்குத் தோன்றவே இல்லை என்று முணுமுணுத்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஒரு கோப்பிக் கறை வட்டமாகக் காய்ந்திருந்தது. ஐம்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளை பெற்றவள், இத்தனை வருஷம் மேடையேறிப் பேசியவள், ஒரு மாணவி நின்றுகொண்டு சொல்கிற வார்த்தைக்கு அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ்னாதான் பேசினார். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்கும் அதே குரலில்.

"ஓகே. டேப்பின் முனை எங்கே இருந்தது?"

தர்ஷினி பலகையில் வரைந்தாள். பின்சுவர், நிலைப்படி, தான் நின்ற இடம். அதைக் கதவில் செய்து காட்ட முடியுமா என்று ரோஸ்னா கேட்டார். அந்தக் கூட்ட அறையின் கதவைத் திறந்து, உள்ளே ஒரு நாற்காலியைப் பின்சுவராக வைத்து, டேப் முனையை ரோஸ்னா பிடித்துக்கொண்டார். தர்ஷினி வெளியே, நடைபாதையில் போய் நின்றாள். கல்யாணி ஆன்டி வீட்டில் நின்றமாதிரியே நில் என்றார் ரோஸ்னா. அவள் வாசலைப் பார்த்தாள், காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள், கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். உடம்புக்கு ஞாபகம் இருந்தது. நடைபாதையில் போன இரண்டு பையன்கள் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். வாசலிலிருந்து அவள் கை வரைக்கும் இருந்ததை லிம் குனிந்து படித்தார். வரைபடத்தைப் பார்த்தார். கூடுதலாக வந்த ஆழமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

"அதேதான்" என்றார்.

குழுவுக்குப் பெரிய நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வரவே இல்லை. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் திறந்த கதவு, கதவுக்கு வெளியே அந்தப் பிள்ளை, கையில் டேப். இவளை நம்புவதற்கு இவளை மறுபடியும் ஒரு வாசலுக்கு வெளியே நிற்கவைக்க வேண்டியிருந்தது நமக்கு. அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இட்டுக்கட்டினாள் என்ற குற்றச்சாட்டு எடுக்கப்பட்டது. தேர்வாளரிடம் பொய் சொன்னதற்கு எச்சரிக்கை, அது சரிதான். அளவைத் திருத்தி, ஒவ்வோர் அளவும் எப்படி எடுக்கப்பட்டது என்று எழுதிச் சேர்த்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். வெளியே வந்து ரோஸ்னாவிடம் நன்றி சொன்னேன். அவருக்கு நன்றி எதற்கென்றே புரியவில்லை. "எங்களுக்கும் அந்த நாளில் தொழுகை கிடையாது. நோன்பு மாதம் பகலில் நான் பேன்ட்ரியில் தண்ணீர் குடித்தால் எல்லாருக்கும் தெரியும். லீவுன்னு சொல்லிட்டுச் சிரிப்போம் லா" என்றார். அந்த விளையாட்டான 'லா' எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. எங்கள் வீட்டில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். வீடுகளுக்கு அளவெடுக்கப் பிள்ளைகளை அனுப்பும் முன் நாம் நிரப்பும் தாளை எடுத்துப் பாருங்கள். நாய் இருக்கிறதா, ஏணி ஏற வேண்டுமா, மின்கம்பி திறந்து கிடக்கிறதா, எல்லாம் கேட்போம். சாமி அறையை அளக்கப் போகிற பெண்பிள்ளையிடம் எந்த நாள் வசதி என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. நுழைவதும் நுழையாததும் அவள் விருப்பம், அதில் நமக்குத் தீர்ப்பு வேண்டாம். ஆனால் அதைக் கேட்கக்கூட நாம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஓர் அளவு தப்பாக வந்தால் முதலில் அந்தப் பிள்ளை எங்கே நின்று அளந்தாள் என்று கேளுங்கள். ஏன் நின்றாள் என்பது அவளுக்குச் சொல்லத் தோன்றினால் வரும். அது வரும்போது மட்டும் தயவுசெய்து மேசையைப் பார்க்காதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் டாக்டர் குணா எப்போதும்போல அர்ச்சனைத் தட்டை வாங்கிக் கொடுத்தாராம். "என் மூஞ்சியப் பாக்கல மிஸ். தட்டையே பாத்தாரு" என்றாள். சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினாள். அந்தக் குலுக்கலுக்கு அவள் கொடுத்த விலை என்ன என்று எனக்குத் தெரியும், அதை யாரும் அவளுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

திருத்திய பக்கத்தில், நுழைய இயலாத சூழல் காரணமாக அளவு வெளியிலிருந்து எடுக்கப்பட்டது என்று போடலாமே என்று டாக்டர் குணா எனக்குச் சொல்லி அனுப்பினார். தர்ஷினி ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு மாதவிலக்கு இருந்ததால் நான் உள்ளே போகவில்லை என்று, 'நான்' போட்டு, ஒரே வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவள் அதோடு விடவில்லை. அளந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனாள். அந்த நாட்களில் விளக்கேற்றும் நேரத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று பெண்களிடம் கேட்டாள். கல்யாணி ஆன்டி சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு, திரியை இழுங்க, எண்ணெய் சிந்துது பாருங்க என்று புருஷனை விரட்டுவாராம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஓர் அக்கா, ஹாலே சாமி இருக்கும் இடம், ஒதுங்க மூலை கிடையாது, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிச்சத்தம் மட்டும் கேட்பாராம். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, நான் பாட்டுக்கு உள்ளே போவேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, மாமியாருக்குத் தெரியாது, என் பெயர் போடாதே என்றாளாம். ஒவ்வொரு வரைபடத்திலும் அந்த இடத்தில் தர்ஷினி ஒரு சின்ன வட்டம் போட்டாள். சிலருக்குச் சமையலறை ஓரம், சிலருக்கு மாடிப்படி, ஒருத்திக்குக் கார் நிற்கும் இடம். நான் மேற்பார்த்த எத்தனையோ சாமி அறை வரைபடங்களில் விளக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அம்புக்குறி இருக்கும், புகை எப்படி வெளியேறுகிறது என்று அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறவள் எதிலும் இல்லை. நான் தேடியதும் இல்லை.

ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. அடுத்த மேசையில் சக ஆசிரியர் ஒருவர், ஆண், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் இன்னும் ஒரு வீடு சேர்த்தால் நன்றாக இருக்கும், உங்கள் வீட்டைப் போடலாமா என்றாள். தாராளமாக என்றேன். வீட்டின் தரைப்படத்தை நானே கையால் வரைந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"மிஸ், உங்க வீட்டுல நீங்க எங்க நிப்பீங்க?"

என் கண் கதவுக்குப் போனது. எழுந்து சாத்தலாம். குரலைத் தணிக்கலாம். அப்புறம் பேசலாமே என்று சொல்லலாம். பேனாவால் கிறுக்கும் சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பென்சிலோடு காத்திருந்தாள், கூட்டத்தில் எனக்காகக் காத்திருந்தமாதிரியே.

"எனக்கு மாசமாசம் வர்றது முடிஞ்சுபோச்சும்மா" என்றேன். என் வழக்கமான குரல்தான். "இப்ப எந்த நாளும் உள்ள போகலாம். ஆனா நிலைப்படிகிட்ட போனதும் கால் தயங்குது. இன்னைக்கு என்ன தேதின்னு கேக்குது."

பக்கத்து மேசைப் பேனா நின்றது. பிறகு மறுபடி கிறுக்க ஆரம்பித்தது. கூரை இடிந்து விழவில்லை.

தர்ஷினி படத்தின்மேல் பென்சிலைக் கொண்டுபோனாள். அது காகிதத்தைத் தொடாமல் மேலேயே நின்றது.

"அப்ப வட்டத்த எங்க மிஸ் போடுறது?"

"நிலைப்படி மேலயே போடு" என்றேன்.